ரஃப் நோட்டுக்கு அட்டை போடச் சொல்கிறார்கள்

"அண்ணா, ஒரு சின்ன விஷயம்தான்..." என்று சேட்டில் செய்தி வந்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அனுப்புகிற பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது சின்ன விஷயம்தான்.

எங்கள் டீமுக்காக நான் ஒரு கருவி எழுதி வைத்திருக்கிறேன். பிரவுசரில் ஒரே ஒரு பக்கம். இடப்பக்கம் சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் கோட் எழுதினால் வலப்பக்கம் விடை வரும். ப்ராஜெக்ட் உருவாக்க வேண்டாம், ஃபைலுக்குப் பெயர் வைக்க வேண்டாம். வங்கியிலிருந்து வந்த ஃபைலில் தேதி எந்த வடிவத்தில் இருக்கிறது, நான் எழுதிய ரெகெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கிற சூத்திரம்) அதைப் பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போய் விஷுவல் ஸ்டுடியோ என்கிற பெரிய கோட் எழுதும் மென்பொருளைத் திறந்து, அது கண் விழிக்கும் வரை காத்திருந்து, 'கன்சோல் ஆப் 17' என்று ஒரு ப்ராஜெக்ட் போட்டு... இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு வைத்திருந்தோமே, அதேதான். கிறுக்கலாம், அடிக்கலாம், வாத்தியார் கேட்கமாட்டார்.

இப்போது அந்த ரஃப் நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர், வகுப்பு, பிரிவு எழுதச் சொல்கிறார்கள். வருகிற கோரிக்கைகளில் பாதி அந்த ரகம். மீதிப் பாதியில் சிலவற்றுக்கு நான் வீம்பாக 'முடியாது' என்று சொல்லி, பிறகு அசடு வழிந்திருக்கிறேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சி ஷார்ப் ஓடுகிற தளமான டாட்நெட்டில் வேலை செய்கிற ஆட்களுக்கு லிங்க்பேட் தெரிந்திருக்கும். ஜோசப் அல்பஹாரி என்ற ஆஸ்திரேலியர் எழுதியது. 2007-இல் டாட்நெட் 3.5 வழியாக லிங்க், அதாவது கோடுக்குள்ளேயே டேட்டாவைக் கேள்வி கேட்டு எடுக்கிற வசதி, வந்தது. டேட்டாபேஸை லிங்க் கொண்டு கேள்வி கேட்டுப் பார்க்க ஒரு பலகை வேண்டும் என்பதில் ஆரம்பித்த கருவி அது. அதன் உயிர் 'டம்ப்' என்கிற ஒரே ஒரு மெத்தட் (கூப்பிட்டால் ஒரு வேலை செய்கிற கட்டளை). எந்த ஆப்ஜெக்ட்டுக்குப் பின்னாலும் டம்ப் என்று போட்டால், உள்ளே இருப்பதையெல்லாம் அட்டவணைக்குள் அட்டவணையாக விரித்துக் காட்டிவிடும். கன்சோலில் ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்த காலத்திலிருந்து வந்தவனுக்கு அதை முதல் தடவை பார்த்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது. வெளியே சொல்லவில்லை, ஆபீஸ் ஆயிற்றே.

அந்த லிங்க்பேட்டின் இலவசப் பதிப்பில் ஒன்று கிடையாது. புள்ளி வைத்தால் மெத்தட் பட்டியல் வராது. அது வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இது அல்பமாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது, மனிதர் ஆளைச் சரியாக எடை போட்டிருக்கிறார். ஆட்டோகம்ப்ளீட் இல்லாமலும் வேலை நடக்கும், ஆனால் ஒரு வாரம் பயன்படுத்தியவனுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

எனக்கு வந்த முதல் கோரிக்கையும் அதேதான். "அண்ணா, புள்ளி வெச்சா லிஸ்ட் வரணும்." ரஃப் நோட்டில் எதற்கு அதெல்லாம், விஷுவல் ஸ்டுடியோ மாதிரி ஐடிஇ-யில்தான் இருக்கிறதே என்று இரண்டு மாதம் தட்டிக்கழித்தேன். நான் நினைத்தது தப்பு. மெத்தட் பெயர் மனப்பாடமாகத் தெரிந்த கோடை யாரும் ரஃப் நோட்டில் எழுதிப் பார்ப்பதில்லை. தெரியாததைத்தான் அங்கே எழுதுகிறோம். பட்டியல் வர வேண்டிய முதல் இடமே அதுதான். போட்டுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து பயன்பாடு ஏறியதை லாக்கில் பார்த்தேன்.

அடுத்தது நிறுத்தும் பொத்தான். சின்ன விஷயங்களுக்கெல்லாம் தலைவன் இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டீமில் ஒரு தம்பி ஒரு வைல் லூப் (ஒரு நிபந்தனை இருக்கும் வரை திரும்பத் திரும்ப ஓடுகிற வரிகள்) எழுதிவிட்டு உள்ளே எண்ணிக்கை வைத்திருக்கிற ஐ-யைக் கூட்ட மறந்துவிட்டான். எல்லோரும் செய்வதுதான். ரன் கொடுத்தான். அவனுடைய பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமை இழந்து ரெஃப்ரெஷ் பண்ணி இன்னொரு முறை ரன் கொடுத்தான். பிறகு இன்னொரு முறை. சர்வரில் சிபியு நூறு சதவீதம். டீமில் ஒருவர் பக்கமும் அசையவில்லை. "அண்ணா, ஒரு ஸ்டாப் பட்டன் வெச்சுட்டா போதும், சின்ன விஷயம்தான்."

பட்டனை வைக்க ஐந்து நிமிடம். அதை அழுத்தினால் லூப் நிற்க வேண்டும், அங்கேதான் சங்கதி. அவன் எழுதிய கோட் ரோஸ்லின் (சி ஷார்ப்பின் கம்பைலர்) ஸ்கிரிப்டாக என்னுடைய ப்ராசஸுக்குள்ளேயே, அதாவது என் கருவியின் நிரலுக்குள்ளேயே, ஓடிக்கொண்டிருக்கிறது. 'தயவுசெய்து நிறுத்து' என்று கேன்சலேஷன் டோக்கன் நீட்டலாம். முடிவில்லாமல் சுற்றுகிற லூப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் திரெட் அபார்ட் என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள ஒரு வழி இருந்தது. அதற்குப் பிறகு வந்த டாட்நெட் கோரில் அதைக் கூப்பிட்டால் 'இந்தத் தளத்தில் ஆதரவில்லை' என்று எக்ஸெப்ஷன் வரும். ஆக ஒரே வழி, ஒவ்வொருவருடைய கோடையும் தனித்தனி ப்ராசஸில் ஓடவிட்டு, ஸ்டாப் அழுத்தினால் அந்த ப்ராசஸையே கொன்றுவிடுவது.

சரி, செய்தேன். கோடை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், விடையை இந்தப் பக்கம் வாங்க வேண்டும். முன்பு மெமரியில் கையெட்டும் தூரத்தில் இருந்த ஆப்ஜெக்ட்டை இப்போது பொட்டலம் கட்டி அனுப்பிப் பிரிக்க வேண்டும். எல்லாம் முடித்து ஏற்றினால் புதுப் புகார். "அண்ணா, முன்னாடி டக்குனு வந்துச்சு, இப்ப ரெண்டு மூணு செகண்ட் ஆகுது." ஆகும். புது ப்ராசஸ் எழுந்து, கம்பைலர் சூடாகி, அதற்குப் பிறகுதானே ஓடும். அதற்கு ஒரு வழி கண்டேன். நான்கு ப்ராசஸ்களை முன்கூட்டியே எழுப்பி, தோசைக்கல் மாதிரி சூடாக வைத்திருப்பது. ஒன்றை எடுத்தால் பின்னால் இன்னொன்று எழும். பட்டனில் ஆரம்பித்து இங்கே வந்து சேர மூன்று வாரம். அதுவும் என் சொந்த நேரம், ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு.

இதை நான் அலுப்பாகச் சொல்லவில்லை. செய்திருக்க வேண்டிய வேலைதான், முதல் நாளே செய்திருக்க வேண்டும். ரஃப் நோட்டில் எவன் வேண்டுமானாலும் தப்பாக எழுதலாம் என்றால், தப்பு எழுதியவனை மட்டுமே பாதிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரனின் நோட்டு கிழியக்கூடாது.

'முடியாது' என்று சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கோ ப்ளேகிரவுண்ட். கோ மொழியில் இணையத்திலேயே எழுதி ஓட்டிப் பார்க்கிற பக்கம். அதில் போய் இப்போது மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். 2009 நவம்பர் 10, இரவு 11 மணி என்று சொல்லும். இன்று கேட்டாலும் அதே, அடுத்த வருடம் கேட்டாலும் அதே. கோ மொழி உலகத்துக்கு அறிமுகமான நாள் அது. முதன்முதலில் பார்க்கிறவன் சர்வர் கடிகாரம் செத்துவிட்டது என்றுதான் நினைப்பான். வேண்டுமென்றே செய்தது. கடிகாரம் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் ஒரே நிரல் எப்போதும் ஒரே விடை தரும். விடையைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு ஓட்டாமலே கொடுத்துவிடலாம். சரியான நேரம் காட்டச் சொல்வதைவிட நியாயமான கோரிக்கை ஒன்று இருக்க முடியுமா? அதற்கும் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. அதே ஆட்கள் வேறொன்றுக்கு இறங்கி வந்தார்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மட்டும் அனுமதித்துக்கொண்டிருந்த பக்கத்தில் வெளி பேக்கேஜ்களையும் 2019-இல் சேர்த்தார்கள். அதுவும் சரிதான். வெளி பேக்கேஜைத் தொட முடியாவிட்டால் நிஜமான சந்தேகங்களில் பாதியை அங்கே எழுதிப் பார்க்கவே முடியாது.

தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் ஓட்டுவது பற்றி ஒரு பழைய கதை. இப்போதைய கம்பெனி இல்லை, பெயர் வேண்டாம். கருவியின் பெயரும் வேண்டாம், தப்பு என்னுடையது. பலரும் விரும்பிக் கேட்கிற வசதி இது. நாற்பது வரி இருக்கும், இரண்டு வரியை மவுஸால் இழுத்து ரன் கொடுத்தால் அது மட்டும் ஓடும். டேட்டாபேஸில் சில வரிசைகளை மாற்ற நான் ஒரு அப்டேட் எழுதியிருந்தேன். மேல் வரியில் அப்டேட், செட். கீழ் வரியில் எந்த வரிசைகளை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்கிற வேர் (WHERE) கண்டிஷன். இழுத்தபோது மவுஸ் முதல் வரியின் கடைசியிலேயே நின்றுவிட்டது. நான் திரையைப் பார்க்காமல் பக்கத்து ஸீட் அக்காவிடம் பேசிக்கொண்டே எஃப்5 அழுத்தினேன். மாற வேண்டியது 11 வரிசை. கீழே நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. வேர் இல்லாத மரம் எப்படிச் சாயும் என்று அன்றைக்குப் பார்த்தேன். புரொடக்‌ஷன் டேட்டாபேஸ். அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "டேய், எதையும் தொடாதே, கையை எடு" என்றது இன்னும் காதில் இருக்கிறது. பேக்கப்பிலிருந்து மீட்க ராத்திரி ஒன்பதரை ஆயிற்று.

அதனால் என் கருவியில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் வேர் இல்லாத அப்டேட்டோ டெலீட்டோ போனால் ஒரு முறை நிறுத்திக் கேட்கும். இதை எரிச்சல் என்று சொல்கிறவர்கள் டீமில் இரண்டு பேர். அவர்கள் இன்னும் நாற்பத்தெட்டாயிரத்தைப் பார்க்கவில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் கமாண்ட் லைன் கருவியில் இதே காவலுக்கு 'சேஃப் அப்டேட்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதற்கு இன்னொரு பெயரும் அதிகாரபூர்வமாகவே வைத்திருக்கிறார்கள்: 'ஐ ஆம் எ டம்மி'. நான் ஒரு மக்கு என்று டைப் அடித்துவிட்டு உள்ளே போகலாம். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இனி அட்டை விவகாரம். சேமிப்பதைப் பற்றிய கோரிக்கைகள் எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் இரண்டு சாதி. எழுதியது தொலையக்கூடாது என்பது ஒன்று. ஈமேக்ஸ் என்ற எடிட்டரைத் திறந்தால் ஸ்கிராட்ச் என்று ஒரு பஃபர் வரும். இதில் எழுதுவது சேமிக்கப்படாது என்று மேலேயே எழுதியிருக்கும், மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்காது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனாலும் மனசு கேட்காமல் அதைத் தானாகச் சேமிக்கத் தனி பேக்கேஜ்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் நியூ 1, நியூ 2 என்று பெயரில்லாமல் கிடக்கிற டேப்கள் மூடித் திறந்தாலும் அப்படியே இருக்கும். என் லேப்டாப்பில் இப்போது நியூ 47 வரை இருக்கிறது. நியூ 12-இல் ஒரு ஜேசன் (டேட்டாவை எழுத்தாக எழுதி வைக்கிற வடிவம்) துண்டும் மளிகை லிஸ்ட்டும் இருக்கின்றன. இந்தச் சாதிக் கோரிக்கைக்கு நான் உடனே சரி என்றேன். மூன்று நொடிக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கும், யாரிடமும் எதுவும் கேட்காது.

இன்னொரு சாதி: ஃபோல்டர் வேண்டும், பெயர் வேண்டும், மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கிற கிட் வேண்டும், மேனேஜர் அப்ரூவல் வேண்டும். கடைசியாகச் சொன்னது ஜோக் இல்லை, ஒருவர் கேட்டார். ஒரு கிறுக்கலுக்குக் கிட்டும் ரிவ்யூவும் தேவைப்படுகிறது என்றால் அது கிறுக்கலாக இருந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஃபேர் நோட்டில் எழுத வேண்டியதை ரஃப் நோட்டிலேயே வைத்துக்கொண்டு, நோட்டை மாற்று என்கிறார்கள். ஜூப்பிட்டர் நோட்புக்கில் இது என்ன ஆகும் என்று டேட்டா ஆட்கள் பார்த்திருப்பார்கள். அங்கே கோடும் விடையும் படங்களும் ஒரே ஜேசன் ஃபைலில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கிட்டில் போட்டால், ஒரு எண்ணை மாற்றியதற்கு ஆயிரம் எழுத்து வித்தியாசம் காட்டும். அதைச் சமாளிக்க விடைகளைச் சுரண்டி எடுக்கத் தனியாக ஒரு கருவி, வித்தியாசத்தைப் புரிகிற மாதிரி காட்ட இன்னொரு கருவி. ஜூப்பிட்டர் அருமையான சாமான், மறுக்கவில்லை. கையோடு இந்தக் குடும்பத்தையும் வீட்டுக்குள் விட வேண்டும், அவ்வளவுதான்.

ஃபோல்டர் கேட்டவர்களிடம் எதற்கு என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டேன். எல்லோரும் சுற்றி வளைத்துச் சொன்னது ஒன்றுதான்: போன மாதம் எழுதிய அந்த ரெகெக்ஸ் எங்கே என்று தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது தேடல். ஒரு தேடல் பெட்டி வைத்தேன், பழைய கிறுக்கல்கள் முழுவதிலும் தேடும். ஃபோல்டர் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நானும் கேட்கிற கட்சிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். 'வணக்கம்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று சி ஷார்ப்பில் கேட்டால் 7 என்று வரும். நாம் எண்ணினால் 5. புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணுகிறது. ஸ்டிரிங்இன்ஃபோ என்ற கிளாஸிடம் கேட்டால் ஒழுங்காக 5 என்று சொல்லும். இந்த மாதிரி விஷயங்களைக் கிறுக்கிப் பார்க்கும்போது பல எடிட்டர்களில் தமிழ் வந்த வரியில் கர்சர் ஒரு இடத்திலும் எழுத்து ஒரு இடத்திலும் நிற்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று கட்டிய கட்டத்துக்குள் 'ணௌ' எப்படி அடங்கும்? நான் பயன்படுத்துகிற எடிட்டர்காரர்களுக்கு இதைப் பற்றி எழுதிப் போட்டிருக்கிறேன். 'சின்ன விஷயம்' என்ற சொல்லை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிட்டேன்.

ஏஐ சேர்க்கச் சொல்லியும் நான்கு பேர் கேட்டாயிற்று. பக்கத்து டேபிலேயே அது திறந்திருக்கிறது. கேட்டு வாங்கிய கோடைக் கொண்டுவந்து இங்கே ஓட்டிப் பாருங்கள், பொய் சொல்லியிருந்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் இந்தப் பக்கம்.

ஸ்டாப் பட்டன் இப்போது நன்றாக வேலை செய்கிறது. நேற்று அதே தம்பி ஒரு லிஸ்ட்டில் நிறுத்தாமல் சேர்த்துக்கொண்டே போய் பதினாறு ஜிபியையும் தின்றுவிட்டான். மெமரிக்கு வரம்பு வைக்க வேண்டும். திங்கட்கிழமை உட்காருகிறேன்.