தெம்பு இருக்கும்போதே வீட்டைச் சுருக்கிக்கொள்வது பற்றி

சென்னை நங்கநல்லூரில் 1986 முதல் முப்பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்த தனி வீட்டை விற்றுவிட்டு, அதே ஊரில் நான்கு தெரு தள்ளி, லிஃப்ட் வசதியுள்ள ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு நானும் என் கணவரும் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எனக்கு 67 வயது, அவருக்கு 72. செய்தி தெரிந்தவர்கள் பெரும்பாலும் தணிந்த குரலில் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்: பிள்ளைகள் வற்புறுத்தினார்களா, பணத்திற்கு ஏதும் முடையா? இரண்டும் இல்லை. உடம்பில் தெம்பும் மனத்தில் தெளிவும் இருக்கும்போதே இந்த வேலையை எங்கள் கையால் முடித்துவிட வேண்டும் என்று விரும்பினோம். அறுபதைத் தாண்டித் தனி வீட்டில் வாழும் ஒவ்வொருவரும் இதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த எண்ணம் கும்பகோணத்தில் தோன்றியது. என் மாமியார் காலமான பிறகு, அவர் அறுபது ஆண்டுகள் ஆண்டு வந்த வீட்டை அவருடைய நான்கு பிள்ளைகளும் சேர்ந்து காலி செய்ய வேண்டியிருந்தது. எல்லோருக்கும் விடுப்பு பதினோரு நாள்தான். பரணிலிருந்து இறங்கிய அண்டா, தவலை, வெண்கலப்பானை எதுவும் யார் சீராகக் கொண்டுவந்தது, எது எந்தக் கல்யாணத்திற்கு வாங்கியது என்று சொல்ல ஆள் இல்லை. எல்லாம் எடைக்குப் போயின. அந்த ஈயச் சொம்பு எனக்கு வேண்டும் என்று நான் கேட்பதற்குள் அது சாக்குக்குள் போய்விட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவர் என் மாமியார். எழுபது வயதில் செய்திருந்தால், ஒவ்வொரு பாத்திரத்தையும் உரியவர் கையில் கொடுத்து, அதன் கதையையும் சொல்லியிருப்பார்.

எங்கள் வீடு ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், கீழே மூன்று அறையும் மேலே இரண்டு அறையுமாகக் கட்டியது. ஆலந்தூர் நகராட்சியின் கீழ் நங்கநல்லூர் இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டத்திற்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. செப்டிக் டேங்க் தொல்லை நீங்கிய அந்த நாளில் தெருவே மகிழ்ந்தது இன்றும் நினைவிருக்கிறது. 2015 டிசம்பரில் வாசல் படி வரை தண்ணீர் ஏறியதையும், 2019 கோடையில் கிணறு தரை தட்டியதையும் அந்த வீட்டில்தான் பார்த்தோம். அப்போதெல்லாம் மொட்டை மாடிக்கு ஓடவும், லாரித் தண்ணீருக்கு விடியற்காலையில் காத்திருக்கவும் எங்களால் முடிந்தது. கடந்த நான்கு ஆண்டுகளில் மாடி அறைகளுக்கு நாங்கள் ஏறியதே அரிது. தளம் ஒழுகினால் கொத்தனாரைத் தேடுவதும், மோட்டார் கெட்டால் ஆள் வரும்வரை காத்திருப்பதும், தென்னை மட்டை பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்துவிடுமோ என்று அஞ்சுவதுமாக, வீட்டை நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தோமே ஒழிய அதில் வாழவில்லை.

சென்னையில் எங்களைப் போன்றவர்களிடம் பில்டர்கள் முதலில் சொல்வது ஜாயிண்ட் வென்சர்தான். மனையைக் கொடுத்தால் இடித்துக் கட்டி, பாதிக்கு ஏறக்குறைய நமக்குத் தருவார்கள். ஐம்பது வயதுக்காரர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். எழுபதைத் தாண்டியவருக்கு, கட்டி முடிக்க ஆகும் இரண்டு மூன்று ஆண்டுகளை வாடகை வீட்டில் கழிப்பதும், வேலை தாமதமானால் அலைவதும் சரிவராது என்பது என் முடிவு. அதனால் நேரடியாக விற்று, கட்டி முடித்து ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில் வாங்கினோம். ஊரை மாற்றக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தோம். அதே பணத்தில் ஊருக்கு வெளியே பெரிய ஃபிளாட்டும் நீச்சல் குளமும் கிடைக்கும் என்றார்கள். பழகிய மருத்துவரும், பெயர் சொல்லிக் கூப்பிடும் பால்காரரும், நடந்து போகும் தூரத்தில் ஆஞ்சநேயர் கோவிலும் இல்லாத இடத்தில் நீச்சல் குளத்தை வைத்துக்கொண்டு இந்த வயதில் நாங்கள் என்ன செய்வோம்?

ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு அளவு டேப்பை எடுத்துச் செல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்புக்கு, தெளிவான விளக்கம் தந்திருக்கிறது: உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. பழைய ஃபிளாட்டைக் கைமாற்றி வாங்கும்போதோ மாடிப்படி, லிஃப்ட், நடை எல்லாவற்றிலும் நம் பங்கைக் கூட்டிச் சொல்லும் கணக்கே பேச்சில் இருக்கிறது. எங்களிடம் 1,180 சதுர அடி என்று சொன்ன ஃபிளாட்டை அளந்து பார்த்தபோது உள்ளே 840 சதுர அடிதான் இருந்தது. அது எங்களுக்குப் போதும். ஆனால் 1,180 என்று நம்பிக் கட்டிலையும் ஊஞ்சலையும் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அளவைவிட முக்கியமானது, பத்திரத்தில் யு.டி.எஸ். என்று எழுதப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடம் நாளாக நாளாகத் தேயும், மண் தேயாது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழிசெய்கிறது. அப்படி ஒரு நாள் வரும்போது நம் பிள்ளைகளின் கையில் இருக்கப்போவது அந்த நிலப் பங்குதான். இரண்டாயிரத்து நானூறு சதுர அடிக்கு உரியவர்களாக இருந்த நாங்கள் இன்று 520 சதுர அடிக்கு உரியவர்கள். இந்த இழப்பை மறைக்காமல் முன்கூட்டியே மனத்தில் ஏற்றுக்கொண்டால்தான் பிறகு வருத்தம் வராது.

வரி விஷயத்தில் பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்கினால் வரியே இல்லை என்று நினைக்கிறார்கள். விற்றதில் கிடைத்த ஆதாயம் முழுவதையும் இரண்டு ஆண்டுகளுக்குள் புதிய வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டிற்கு வருகிறவர்களுக்கு ஆதாயத்தில் ஒரு பகுதி மிஞ்சும்; அதற்கு வரி உண்டு. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய சொத்தானால் அந்த ஆண்டின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். ஆனால் அது பத்திரப் பதிவுக்கென்று அரசு அப்போது வைத்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியிருந்தால், வாங்கிய விலையைப் பணவீக்கத்திற்கேற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 விழுக்காடு, அப்படி உயர்த்தாமல் 12.5 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். மிஞ்சும் ஆதாயத்தில் 50 லட்சம் வரை, ஆறு மாதத்திற்குள் இதற்கென்று உள்ள அரசு நிறுவனப் பத்திரங்களில் போட்டு ஐந்து ஆண்டு விட்டுவைத்தால் அதற்கும் விலக்குண்டு. விலை பேசுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் பத்திரமும் வரியும் மொத்தமாகவே சில வாரங்களின் வேலை. பொருள்களைப் பிரிக்க எங்களுக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. ஒரு நாளைக்கு ஒரு அலமாரி, அதுவும் காலையில் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். பித்தளைப் பாத்திரங்களை ஹாலில் பரப்பி, மகளையும் மருமகளையும் வீடியோவில் அழைத்து, எது யாருக்கு என்று கேட்டேன். எனக்கு உயிராக இருந்த பெரிய அண்டாவை இருவருமே வேண்டாம் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, பெங்களூரிலும் புனேயிலும் அவர்கள் வசிப்பதும் ஃபிளாட்டுகள்தான். அண்டா எங்கள் ஊர் பஜனை மடத்தின் சமையற்கட்டுக்குப் போயிற்று. இப்போது மார்கழிப் பொங்கல் அதில் வேகிறது. ஒன்பது கொலுப்படியை ஐந்தாக்கி, மரப்பாச்சிகளையும் என் அம்மா கொடுத்த தசாவதாரச் செட்டையும் மட்டும் வைத்துக்கொண்டேன். கணவர் தம்முடைய புத்தகங்களில் நானூறைத் தாம் வேலை பார்த்த பள்ளி நூலகத்திற்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். இந்த அவகாசம்தான் என் மாமியாரின் வீட்டிற்குக் கிடைக்கவில்லை.

மகனுக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. தான் வளர்ந்த வீடு இருக்கட்டுமே என்றான். ஆண்டுக்கு எட்டு நாள் வந்து தங்கும் வீட்டை முந்நூற்றைம்பது நாள் தாங்கிக்கொண்டிருப்பது நாங்கள்தான் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கடைசியில் அவனே வந்து, தன் உயரத்தைக் குறித்துவைத்திருந்த கதவு நிலையைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

இழந்தவை இல்லாமல் இல்லை. மொட்டை மாடிச் சாவி சங்கத்தின் கையில் இருக்கிறது. வடாம் பிழிய வேண்டுமானால் முன்னதாகச் சொல்லி வாங்க வேண்டும். தெருவை அடைத்துக் கோலம் போட்ட கைக்குக் கதவின் முன் இரண்டடிதான் கிடைக்கிறது. மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் ஓசை பழகுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. பதிலுக்கு, மாதம் 4,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீரும் காவலும் லிஃப்டும் என் கவலையாக இல்லாமல் போய்விட்டன. என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, நான் குரல் கொடுத்த ஒரு நிமிடத்தில் எதிர் வீட்டு இளைஞர் உள்ளே வந்து தூக்கினார். பழைய வீட்டில் என் குரல் மதிலைத் தாண்டியிருக்காது.

வாங்கியவர் வீட்டை இடித்துவிட்டார். இடிப்பார் என்று தெரிந்தேதான் விற்றோம். பத்திரம் பதிந்த அன்று அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: கிணற்றை மூடிவிடாமல், மாடித் தண்ணீரை அதில் விட்டு மழைநீர்க் கிணறாக வைத்துக்கொள்ள வேண்டும், 2019இல் வற்றியது தவிர அது எங்களைக் கைவிட்டதில்லை என்றேன். சரி என்றார். சென்ற வாரம் அந்தப் பக்கம் நடந்து போனபோது பார்த்தேன். அஸ்திவாரக் குழிகளுக்கு நடுவே உறைகள் அப்படியே இருந்தன, மேலே ஒரு பலகை போட்டு மூடியிருந்தார்கள்.