மாட் கெய்ட்ஸ் விஷயத்தில் ஒரு திருத்தம்
'மாட் கெய்ட்ஸை செனட் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தது' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அமைச்சர் நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் செனட்டில் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) அப்படி ஒரு வாக்கெடுப்பே நடக்கவில்லை.

டிரம்ப் அவரை அட்டர்னி ஜெனரல் (அமெரிக்க நீதித் துறையின் தலைவர்) பதவிக்கு அறிவித்தது 2024 நவம்பர் 13. அன்றே அவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். சபையின் நெறிமுறைக் குழு அவர்மீது விசாரணை நடத்திவந்தது. அந்த விசாரணையின் அறிக்கையை வெளியிடச் சொல்லிக் கோரிக்கைகள் எழுந்தன, குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலரும் தயங்கினார்கள். நவம்பர் 21 அன்று அவரே விலகிக்கொண்டார். எட்டே நாள்! அன்று மாலையே அந்தப் பதவிக்குப் பாம் போண்டியின் பெயர் வந்துவிட்டது.

இன்னொன்று, டிரம்ப் அப்போது பதவியே ஏற்கவில்லை. முறைப்படியான நியமனம் 2025 ஜனவரி 20இல் அவர் பதவியேற்ற அப்புறம்தான் செனட்டுக்குப் போகும். அதனால் நவம்பரில் ஓட்டுப் போட எதுவும் இல்லை.

அமைச்சரவைக்கு முன்மொழியப்பட்ட ஒருவரை செனட் கடைசியாக ஓட்டில் நிராகரித்தது 1989இல், ஜான் டவரை, 53-47 கணக்கில். பெரும்பாலும் தோற்பது தெரிந்ததும் முன்கூட்டியே விலகிவிடுகிறார்கள். டிரம்ப் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு முன்மொழிந்த பீட் ஹெக்செத் அப்படி விலகவில்லை. செனட்டில் ஓட்டு 50-50 ஆனதும் துணை அதிபர் வான்ஸின் ஓட்டில் தேறினார்.

பதிவைத் திருத்திவிடுங்கள், நிறையப் பேர் பகிர்கிறார்கள்.