பாட்டு வேறு, பாடத் தெரிவது வேறு

தயவுசெய்து அந்தக் காணொளியை எனக்கு இனி அனுப்பாதீர்கள். இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். குழந்தை அழகு, பட்டுப்பாவாடை அழகு, கர்நாடக சங்கீத வகுப்பில் சேர்ந்த இரண்டே மாதத்தில், அடிப்படைப் பாடங்கள் எல்லாம் முடிந்த பிறகு வரவேண்டிய வர்ணம் பாடுகிறது. குழந்தையைப் பற்றி நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். கீழே குழந்தையின் ஆசிரியர் எழுதியிருந்த வரிதான் இரண்டு நாளாகத் தொண்டையில் நிற்கிறது: முதல் ஸ்வரப் பாடமான சரளி வரிசையிலேயே ஒரு வருடம் ஓட்டுகிற பழைய பாணி அவரிடம் கிடையாதாம்.

ஓட்டுகிறோமாம்!

பாட்டைச் சொல்லிக்கொடுப்பது வேறு, பாடச் சொல்லிக்கொடுப்பது வேறு. நாற்பது முறை காதில் விழுந்தால் துறுதுறுப்பான குழந்தை எதையும் அப்படியே திருப்பிப் பாடிவிடும். விளம்பரப் பாட்டைக்கூடச் சுருதி பிசகாமல் பாடும். அதற்கு வாத்தியார் எதற்கு? வர்ணம் என்றால் இரண்டு காலம், அதாவது இரண்டு வேகத்தில் பாட வேண்டும். காணொளி முதல் காலத்தோடு முடிந்துவிட்டதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். (குழந்தையைச் சொல்லவில்லை.)

சரளி வரிசையில் என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு வரிசையை மூன்று காலத்தில் பாடிப் பார்க்கட்டும். தட்டுக்கு ஒரு ஸ்வரம், அடுத்து இரண்டு, அடுத்து நான்கு. கை போட்ட வேகம் கடைசிவரை மாறக்கூடாது. வாய் ஓட ஓடக் கையும் சேர்ந்து ஓடும். அதைப் பிடித்து நிறுத்தப் பழகுவதற்குத்தான் அந்த மாதங்கள் எல்லாம். 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்கள், இருக்கும்போது 15ஆவதான மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கிற வழக்கத்துக்கும் காரணம் உண்டு. கீழ்ப்பாதியில் ச ரி க ம எந்த இடைவெளிகளில் ஏறுகிறதோ, அதே இடைவெளிகளில் மேல்பாதியில் ப த நி ச ஏறுகிறது. ஒரு பாதி காதில் உட்கார்ந்துவிட்டால் மறுபாதிக்குப் பாதி வேலைதான். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த முறையை, எங்களுக்குப் பொழுது போகவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

என் பாட்டு வாத்தியார் ஒரு காரியம் செய்வார். நான் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆதார ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிப்பெட்டியை நிறுத்திவிடுவார். நிறுத்தாமல் நான் பாடிக்கொண்டே போக வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடுவார். முக்கால்வாசி நாட்கள் நான் ஒரு இழை கீழே இறங்கியிருப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டார், பெட்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே வீட்டில் பெட்டி இல்லாமல் ‘ச’ பிடித்துப் பழகினேன். பதினொரு வயதில் ஒரு நாள் பெட்டி திரும்ப வந்தது எனக்கே தெரியவில்லை. குரலும் சுருதியும் அப்படி ஒட்டியிருந்தன. “தண்ணீர் குடித்துவிட்டு வா” என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தண்ணீர்தான்.

உடனே வருவார்கள்: அந்தக் காலத்து வாத்தியார்கள் பிள்ளைகளை மிரட்டினார்களே? ஆமாம், ஒருமுறை என் நோட்டைத் தூக்கி வாசலில் எறிந்தார். தவறுதான். நான் எறிவதில்லை. அடுத்தது.

பிள்ளைகளுக்குச் சலித்துப்போகிறது என்கிறார்கள். சலிப்பது யாருக்கு? ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் ‘சச ரிரி’ என்று இரண்டாவது ஸ்வரத்தை அழுத்தச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் யார் நன்றாக அழுத்துகிறார்கள் என்று போட்டி போடுகிறார்கள். வெளியே உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கும் பெற்றோருக்குத்தான் சலிக்கிறது. “இன்னும் ஜண்டையா?” என்று குழந்தையின் முன்னாலேயே கேட்கிறார்கள். அடுத்த வாரம் அதே கேள்வியைக் குழந்தை கேட்கிறது.

காணொளியின் கீழே, எங்களுக்குப் பொறாமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். மாதக் கட்டணத்துக்காக இழுத்தடிக்கிறோம் என்று ஒருவர் எழுதியிருப்பதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஐயா, பணம்தான் குறி என்றால் மாதம் ஒரு பாட்டைப் பாடமாக்கிக் காணொளி எடுத்துப் போடுவதுதானே சுலபமான வழி? தினமும் பத்துக் குழந்தைகளோடு ‘ச’ பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

அந்தக் கருத்துக்கு விருப்பக்குறி இட்டிருந்தவர்களில் என்னிடம் மூன்று வருடம் படித்த பெண்ணின் அம்மாவும் ஒருவர். போன மாதம் வகுப்பை நிறுத்திவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அலங்காரம் என்ற தாளப் பயிற்சியை முடித்து, முதல் பாட்டுகளான கீதத்தில் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுவாள். என்னிடம் கேட்டிருக்கலாம். எதற்கு இவ்வளவு நாள் ஆகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உட்காரவைத்துச் சொல்லியிருப்பேனே.

நேற்று இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. பள்ளிப் போட்டிக்கு ஒரு கீர்த்தனையின் ஸ்வரக் குறிப்பு மட்டும் வேண்டுமாம், கிடைக்குமா என்றார். இரண்டு மணி நேரம் பதில் போடவில்லை. பிறகு கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியின் எடுப்பு, தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி என்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறேன். அவள் அங்கேதான் அவசரப்படுவாள்.