ஆட்டோட விட்டா கதை வராதாம்

ஓட்டிசம் உள்ள, இன்னும் சரியாக் கதைக்காத என்ர மகனை ஆட்டோட விடுறதைப் பற்றி ஒரு சேர் சனிக்கிழமை கலியாண வீட்டில சொன்னது உங்களில கனபேருக்குத் தெரியும், திருப்பித் திருப்பிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. ஆனா நேற்று இரவு அந்தச் சேர் ஆருக்கோ போன் எடுத்து "நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்" எண்டவராம். அதுதான் எழுதுறன்.

நல்லதுக்குச் சொல்லுறவர் நாலு பேருக்கு முன்னால, பிள்ளை பக்கத்தில நிக்கேக்க, "தங்கச்சி, ஓட்டிசம் பிள்ளையை ஆட்டுக்கொட்டில்ல விட்டா கதை எங்கால வரும்?" எண்டு கேக்கமாட்டார். கதை வராட்டி காதும் கேளாது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

ஆடு மருந்து எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஸ்பீச் தெரபிக்குப் போறம், மாசக்கணக்கில காத்திருந்து டேட் எடுத்துப் போறம். மிச்ச நாள் முழுக்க அவனோட ஆர் இருக்கிறது? நீங்களோ?

அவன் ஆற்றை முகத்தையும் லேசில பாக்கமாட்டான், தலையைத் தொட விடான். பின்னேரம் அம்மம்மா கொக்கத்தடியால பூவரசங்குழை ஒடிச்சுப் போட்டா ஒரு கொப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடுவான். எங்கட மறி, பெட்டை ஆடு, ஒரு பக்கம் இழுக்கும், இவன் மற்றப் பக்கம் விடான், அது விட்டிட்டு இவன்ர முகத்தைப் பாக்கும், இவனும் பாப்பான், பிறகு சிரிச்சுக்கொண்டு நீட்டுவான். இப்பிடி மாறி மாறிச் செய்யிறதைத்தான் தெரபி அறையில பந்தை உருட்டி உருட்டிப் பழக்கினம். ஆடு அவனிட்டை பேர் என்ன, அப்பா எங்க, மாமாவுக்கு டாட்டா காட்டு எண்டு கேட்டுக் கரைச்சல் குடுக்கிறேல்லை. குழை கிடைச்சாச் சரி. ஒருநாள் குழை முடிஞ்சுபோக அம்மம்மாவின்ர சீலைத் தலைப்பை இழுத்து "குழை தா" எண்டவன். ஆரும் சொல்லிக்குடுக்காமல் தானாக் கேட்ட முதல் கேள்வி அது சேர். கொட்டில்லதான் வந்தது.

இதெல்லாம் தாய் மனசுக் கற்பனையாம். சரி, 2013 இல அவுஸ்திரேலியாவில வகுப்புகளுக்குள்ள கினிப்பன்றி எண்ட, எலி மாதிரிச் சின்னப் பிராணியளை வச்சுப் பாத்தவையும் கற்பனை பண்ணினவையோ? விளையாட்டுச் சாமானோட இருக்கேக்க விட அதுகளோட இருக்கேக்க ஓட்டிசம் பிள்ளையள் கூடக் கதைச்சு, ஆக்களின்ர முகம் பாத்து, சிரிச்சிருக்கினம். 2015 இல அமெரிக்காவில வந்த ஆய்வில 10 கிழமை குதிரையில ஏறி ஓடின பிள்ளையளுக்கு எரிச்சல் குறைஞ்சு சொல்லுகள் கூடியிருக்கு, குதிரையைத் தொடாமல் அதைப் பற்றி மட்டும் படிச்ச பிள்ளையளோட ஒப்பிட்டுத்தான் சொன்னவை. டெம்பிள் கிராண்டின் எண்டு ஒரு மனிசி, ஓட்டிசம் உள்ளவ, சின்னனில பிந்தித்தான் கதைச்சவ, இண்டைக்கு ஆடுமாடுகளைப் பற்றிப் படிப்பிக்கிற பேராசிரியர். ஆட்டுக்கு ஆய்வு இருக்கோ எண்டு கேக்காதேங்கோ, குதிரைக்கு நான் எங்க போறது? கனடாவில குதிரை எண்டா தெரபி, யாழ்ப்பாணத்தில கோண்டாவில்ல ஆடு எண்டா வளர்ப்புச் சரியில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் சரிவராது எண்டு ஒரு அக்கா சொன்னவ. ஓம், வராது. நாய் குரைச்சாலே நடுங்கிற பிள்ளையளும் இருக்கு, ஆர் இங்க வில்லங்கப்படுத்தினது? ஆனா ஆடு மணக்குதாம் எண்டு சொன்னாக்களைத்தான் தாங்கேலாமல் கிடக்கு. ஞாயிறு விடிய இறைச்சிக்கடையில வரிசையில நிக்கிறதே நீங்கள்தானே.

பிரச்சினை ஆடு இல்லை எண்டு எனக்கு விளங்குது. பிறந்தநாளுகளுக்கு எங்களை மட்டும் மறந்துபோறது, "அவனை வீட்டில விட்டிட்டு வந்திருக்கலாமே" எண்டு சாடையாச் சொல்லுறது, அவன் கையைத் தட்டிக்கொண்டு குதிச்சா தங்கட பிள்ளையளை இழுத்துப் பக்கத்தில வைக்கிறது, இதெல்லாம் அந்த மறி செய்யேல்லை. ஆடு மருந்து எண்டு திரும்பவும் நான் சொல்லேல்லை, உங்களை விடப் பரவாயில்லை எண்டுதான் சொல்லுறன்.

ஆட்டை வித்துப்போட்டு அந்தக் காசுக்கு ஒரு டெப் வாங்கிக் குடுங்கோ எண்டு போன் எடுத்த மச்சாளுக்கும் இதிலயே பதில். விக்கமாட்டம். மறி சினையா நிக்குது, குட்டி கிடாயாப் பிறந்தாலும் விக்கமாட்டம், கறிக்கு எண்டு ஒருதரும் கேற்றடிக்கு வராதேங்கோ.