டெபாசிட் போகும் என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருத்துக்கணிப்பு வந்ததும் நம் டெல்லித் தமிழர் வாட்ஸப் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். போன தடவை யாரும் கணக்கிலேயே எடுக்காத சின்னக் கட்சிக்கு ஊரில் இந்த முறை இரட்டை இலக்கத்தில் ஓட்டு என்று வந்திருக்கிறது. ‘முதலில் டெபாசிட் வாங்கட்டும்’ என்று ஒரு அண்ணன் எழுத, சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. அந்த எண்ணுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினேன். ‘ஊரில் ஓட்டே இல்லாத உனக்கு என்ன பேச்சு?’ என்று பதில் வந்தது.

சரி, ஓட்டு இருக்கும் ஊரைப் பற்றியே பேசுகிறேன். 2013 நவம்பர், டெல்லி சட்டமன்றத் தேர்தல் நேரம், மயூர் விஹார். கையில் படிவத்தோடு கணிப்புக்கு ஒரு பையன் வந்தான். எங்கள் வீட்டில் வேலை செய்த சேலத்து அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு ஓட்டு என்று கேட்டதும் ‘மாலூம் நஹீ’, தெரியாது என்றார். அவன் படி இறங்கியதும் சாம்பல் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: ‘துடைப்பத்துக்குத்தான் தம்பி. வெளியில சொன்னா ரேஷன் கார்டை வெட்டிட்டான்னா?’

துடைப்பம் ஆம் ஆத்மி கட்சியின் சின்னம். அந்தக் கட்சிக்கு அப்போது ஒரு வயது. டிசம்பர் 8-ஆம் தேதி எண்ணியபோது 70-இல் 28 இடம். 15 வருஷம் முதல்வராக இருந்த ஷீலா தீட்சித் தன் தொகுதியிலேயே தோற்றார். பல கணிப்புகள் இதைவிடக் குறைவாகத்தான் சொல்லியிருந்தன. அந்த அக்காவைப் போல எத்தனை பேர் ‘தெரியாது’ என்றார்களோ! சின்னக் கட்சியின் பெயரை ஓர் அந்நியனிடம் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வேண்டும். அதனால்தான் சிரிக்காதீர்கள் என்கிறேன்.

காசு கொடுத்து வாங்கிய கணிப்பு என்பீர்கள். இருக்கலாம். கணிப்புகள் தவறாதா? தவறும். 2004-இல் வாஜ்பாய் ஆட்சிதான் திரும்பும் என்று சொல்லிக் கவிழ்ந்தன. ஆனால் உங்கள் கட்சிக்குச் சாதகமாக வரும்போது அதே கணிப்பைப் படம் எடுத்துப் பகிர்கிறீர்களே, அது எப்படி?

அப்புறம் டெபாசிட். பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். 2006-இல் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். அன்றைக்கும் சிரித்தார்கள். 2011-இல் கூட்டணி வைத்து 29 இடம் பிடித்து விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த 8 சதவீதம் இல்லாமலா அவரைக் கூட்டணிக்குக் கூப்பிட்டார்கள்? அதற்குப் பிறகு அந்தக் கட்சி தேய்ந்தது உண்மைதான். அது வேறு கதை.

நான் இந்தச் சின்னக் கட்சிக்காரன் இல்லை. அவர்கள் பேச்சில் பாதி எனக்குப் பிடிக்காது. ஆனால் ‘ஓட்டு இல்லாதவன்’ என்ற சொல் இரண்டு நாளாக நெஞ்சில் நிற்கிறது. பிழைக்க வந்த இடத்தில் பெயரைச் சேர்த்தேன், ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போனது. சட்டப்படி ஓர் இடத்தில்தானே இருக்க முடியும்? என்னைப் போன்றவர்களுக்காகத் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் என்று தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசியது. கட்சிகள் எதிர்த்தன, பேச்சு அப்படியே நின்றுவிட்டது. என் அம்மா அங்கே இருக்கிறார். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் போனில் கேட்கிறேன். அந்த ஊரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லையா?

அண்ணே, பொங்கல் விழாவுக்கு வழக்கம்போல வருவேன், நாற்காலியும் அடுக்குவேன். குழுவிலிருந்து மட்டும் நேற்று ராத்திரி விலகிவிட்டேன்.