டிஜிட்டல் மிக்சர் நாதத்தை வெட்டிவிடுகிறதா?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் பினாங்கு நண்பர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “டிஜிட்டல் மிக்சர் ஒலியைப் படிக்கட்டு போல வெட்டுகிறது, நடுவில் உள்ள நாதம் தொலைந்துபோகும். நாதஸ்வரத்துக்கு அனலாக்தான் சரி.” கூடவே படிக்கட்டுப் படம் ஒன்றும்.

இது தவறு. மிக்சர் என்பது மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி. அனலாக் மிக்சர் ஒலியை மின்அலையாகவே கையாள்கிறது, டிஜிட்டல் மிக்சர் எண்களாக மாற்றுகிறது. அதற்காக ஒலியைப் பொதுவாக நொடிக்கு 48,000 முறை அளக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அளவெடுக்கும் வேகத்தில் பாதிக்கும் கீழே, அதாவது 24,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலையை அந்தப் புள்ளிகளிலிருந்தே முழுதாக மீட்டுவிடலாம். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் இதைக் கணக்குப் போட்டு நிறுவினார். மனிதக் காதுக்கு எட்டுவதோ சுமார் 20,000 வரைதான். ஸ்பீக்கருக்குப் போகுமுன் வடிகட்டி அலையை வழவழப்பாக்கிவிடுகிறது. படிக்கட்டு எதுவும் வெளியே வருவதில்லை.

பிறகு ஏன் சில பந்தல்களில் நாதஸ்வரம் கரகரக்கிறது? மைக்கிலிருந்து வரும் ஒலியை உள்ளே எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் கெயின் குமிழைப் பாருங்கள். சோதனையின்போது வித்வான் மெதுவாக ஊதியிருப்பார். அதற்கேற்பக் கெயினை ஏற்றிவிட்டிருப்பார்கள். சாமி புறப்பட்டதும் அவர் முழுமூச்சில் வாசிக்க, சிவப்பு விளக்கு எரியும். ஒலி எண்ணாக மாறும் வாசலிலேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். அதன்பின் வெளியே போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினாலும் அதே கரகரப்புதான், சத்தம் குறைந்து கேட்கும். ஒவ்வொரு அளவையும் 24 இரும இலக்கங்களில் எழுதும் 24 பிட் மிக்சரில் இரைச்சல் மிக ஆழத்தில் இருப்பதால், சராசரி அளவை -18 டெசிபல் பக்கம், அதாவது மிக்சர் தாங்கும் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே வைத்தாலும் ஒன்றும் கெடாது. உச்சஸ்தாயியில் ஒருமுறை ஊதச் சொல்லி, அதைக் கேட்டுக் கெயின் வையுங்கள்.