முதலில் தரிப்பிடம், பிறகுதான் ஸ்கூட்டர்

பாரிஸில் வாடகை மின்ஸ்கூட்டரை (அதுதான், நின்றுகொண்டு ஓடுகிற த்ரொத்தினெத்) தடை செய்தது நல்லது என்று, தமிழ்க் கடைகள் நிறைந்த பாரிஸ் பகுதியான லாச்சப்பலில் இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2018 கோடையில் அது வந்தபோது திட்டம் என்று ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வருடமே பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள், கிட்டத்தட்ட 20,000 வண்டிகள். போனில் திறந்து ஓடலாம், இறங்கிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போகலாம், வியாபாரமே அதுதான். போட்ட இடம் பெரும்பாலும் நடைபாதை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய் கார் ஓடும் வீதியில் இறங்கி ஏற வேண்டும், வெள்ளைப் பிரம்போடு வருபவருக்குக் காலில் தட்டிய பிறகுதான் வண்டி கிடப்பதே தெரியும். சனம் கோபப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு மாநகரசபை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. 2019-இல் நடைபாதையில் நிறுத்தினால் 35 யூரோ, ஓடினால் 135 யூரோ தண்டம். 2020-இல் மூன்று கம்பெனிகளுக்கு மட்டும் அனுமதி, ஆளுக்கு 5,000 வண்டி. வீதியோரத்தில் கோடு போட்டு சுமார் 2,500 தரிப்பிடங்கள். இதெல்லாம் முதல் நாளே இருந்திருக்க வேண்டும், வந்தபோது சனத்தின் மனம் முறிந்துவிட்டது.

வாடகை ஸ்கூட்டர் தொடர வேண்டுமா என்று மாநகரசபை 2023 ஏப்ரல் 2 அன்று வைத்த வாக்கெடுப்பில் 89 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாக்குப் போட வந்தவர்களே 8 வீதத்துக்கும் குறைவு. செப்டம்பரில் வண்டிகள் போய்விட்டன. வார நாளில் இரவு ஒன்றேகால் மணியளவில் மெற்றோ நின்றுவிடும் ஊரில், றெஸ்ரோறண்ட் குசினியில் சட்டி கழுவி முடித்து வெளியே வரும் பொடியனுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதபடியால், அந்த வாக்கே கிடையாது. இரவு பஸ் இருக்கிறதுதான், காத்து நின்று சுற்றிப் போக வேண்டும். ஸ்கூட்டரும் மலிவாக இருக்கவில்லை, திறக்கவே ஒரு யூரோ, பிறகு நிமிடக் கணக்கு. ஆனாலும் களைத்துப்போன உடம்புக்கு அது ஒரு வழியாக இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவும் 2018-இல் இதே கூத்தைப் பார்த்தது. உடனே எல்லாவற்றையும் வீதியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், சில மாதம் கழித்து இரண்டு கம்பெனிகளுக்கு 625 வண்டி வீதம் கொடுத்துச் சின்னதாகத் தொடங்கினார்கள், அப்புறம் கம்பத்தில் பூட்டித்தான் விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அங்கே வாடகை ஸ்கூட்டர் நிலைத்துவிட்டது.

இப்போது திட்டம் போடுகிற நகரங்கள் கம்பெனியைக் கூப்பிடுவதற்கு முன்னால் தரிப்பிடத்தை எண்ண வேண்டும். நடக்கிறவரின் இடத்தில் கை வைக்காமல் கார் நிற்கிற இடத்திலிருந்து எடுங்கள். காலையில் ஸ்டேஷன் வாசலில் எத்தனை வண்டி வந்து சேரும், அத்தனைக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வண்டியைக் குறையுங்கள். கருத்துக் கேட்கிறதென்றால் இரவு வேலை முடித்து வருகிறவர்களிடமும் போய்க் கேளுங்கள், அவர்களுக்கு வாக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.